ஏரிக்கரைக்கு நான் வைத்த பச்சைக்கோடு

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் நேற்று வரை இருந்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்? ஆனாலும் சொல்லிவிடுகிறேன். காசி அண்ணனின் கால் போனதற்கு நான்தான் காரணம்!

உங்களுக்குக் காசி அண்ணனைத் தெரியாது. செஞ்சியில் நெல் மூட்டை தூக்குகிறவர். தூக்கியவர்...

விபத்தில் அடிபட்டவர்களிடம் ஆம்புலன்ஸ் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் பக்கத்து ரோடுகளுக்கெல்லாம் மேப் தயாரித்தார்கள். உள்ளூர்ப் பையன்களான எங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்து, வண்டி போகும் என்றால் போன் திரையில் பச்சைக்கோடு, போகாது என்றால் சிவப்புக்கோடு. அவ்வளவுதான் வேலை.

என் கூட்டாளி சங்கர் அப்போதுதான் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்திருந்தான். அனந்தபுரத்துக்காரன், எங்கள் பக்கத்து வழிகள் தெரியாதவன். டீக்கடையில் அவன் அலட்டல் தாங்காது.

"வழி கேக்குறவன்லாம் ஒரு டிரைவராடா? மேப் சொல்லும், நான் போவேன்!"

இருடி மாப்ள என்று நினைத்துக்கொண்டேன். மாட்டுவண்டியே திணறும் ஏரிக்கரைத் தடத்துக்குப் பச்சை வைத்தேன். ஒருநாள் காலி வண்டியோடு சேற்றில் மாட்டி முழிக்கட்டும், ஒரு வாரம் அதைச் சொல்லியே அவனைக் கலாய்க்கலாம் என்று! பிறகு மாற்றிவிட நினைத்தேன்... மறந்தே போனேன்.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ரோடு முழுக்க ஸ்பெஷல் பஸ், நகர வழியில்லை. மதியம் சங்கர் போன் செய்தான்.

"மச்சி, ஏரிக்கரைல மாட்டிக்கினேன்டா! மேப் இப்டிதான் காட்டுச்சு. பசங்கள இட்டுனு வா!"

சிரித்தேன். ஆமாம்... முதலில் சிரித்தேன்!

"இன்னாடா சிரிக்கிற? அங்க ஒருத்தரு பஸ்ல அடிபட்டு ரத்தத்துல கெடக்குறாருடா!"

ஓடினோம். தள்ளினோம். வண்டி மேலே ஏற அரைமணி நேரம் ஆனது. அது கிளம்பியதும் மற்றவர்கள் சேற்றுக் காலைக் கழுவப் போனார்கள். நான் மட்டும் போனை எடுத்துப் பச்சையைச் சிவப்பாக்கினேன். அப்போதும் என் பயம் அடிபட்டவருக்காக இல்லை... எனக்காக!

அடிபட்டவர் காசி அண்ணன். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினாராம். மீதியை நான்தான் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

மேப்பில் ஏரிக்கரை இப்போது சிவப்பாக இருந்ததால் பழி சங்கர் மேல் விழுந்தது. வழி தெரியாதவனுக்கு எதற்கு வண்டி என்று ஊரே திட்டியது. அதையே சொல்லி நானும் அவனைக் கலாய்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் சந்தேகம் வந்துவிடுமே! இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்?

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஒருநாள் காசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் வண்டிய தள்னியாமேப்பா... நல்லா இருப்ப."

எதற்கெடுத்தாலும் நக்கல் பேசும் வாய் இது. அன்றைக்கு அவர் கொடுத்த டீயைக் குடிக்கத்தான் அது திறந்தது. சொல்லாமலே வந்துவிட்டேன்.

இதுவரை உள்ளதை நேற்று எழுதி முதலில் சங்கருக்குத்தான் அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டியது. இன்று காலையில் ஒரே ஒரு வரி வந்தது.

"காசி அண்ணனுக்கும் படிக்கத் தெரியும்டா."