ஒறம்பரைக்காரருக்கு ஒரு முகம்

எங்கள் வீட்டு டிவி, இரும்பு பீரோவை ஒட்டி ஒரு மர ஸ்டூலின்மேல் இருந்தது. அதன் முன்னால் நானும் தம்பியும் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்போம். எங்களுக்குப் பின்னால் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டியபடி அத்தை. அவர் மடியிலும் இரண்டு பக்கத்திலும் பனியன் குவிந்து கிடக்கும். கம்பெனியில் தைத்து வரும் பீஸ்களில் தையல் முடிகிற இடங்களிலெல்லாம் நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறுகளை வெட்டிச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அத்தையின் வேலை. கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கத்தரி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கண் பனியன்மேல் இருக்கும், வாய் மட்டும் டிவியோடு போகும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் பார்த்தது ஒரு பழைய கார்ட்டூன் தொடர். ஏதோ வெளிநாட்டில் ஒரு வீடு, அதில் ஒரு குடும்பம், தினமும் ஒரு ரகளை. எங்கள் கேபிளில் அது இங்கிலீஷில் மட்டும்தான் வந்தது. எங்களுக்கோ இங்கிலீஷ் என்றால் பாடப்புத்தகத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான். அத்தைக்கு அதுவும் கிடையாது. அதற்காகக் கதை நின்றுவிடுமா? தலையை ஒரு தடவை நிமிர்த்திப் படத்தைப் பார்ப்பார், குனிந்துகொள்வார், எல்லோருக்குமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். பானை வயிறும் சிவந்த மூக்குமாக இருந்த வீட்டுக்காரர், அத்தையின் கதையில் நாலு பவர்டேபிள் தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்தும் மொதலாளி. கொண்டையை வானத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்த அவர் மனைவி மொதலாளியம்மா. சோபாவை விட்டு எழுந்திருக்காத ஒல்லியான மனிதர் ஒருவர் இருந்தார், எந்நேரமும் பழுப்புக் கோட்டு, காலடியில் ஒரு பெட்டி. அவரை அத்தை ஒறம்பரைக்காரர் என்பார். வீட்டுக்கு வந்து தங்குகிற உறவுக்காரர்களை எங்கள் பக்கம் ஒறம்பரை என்றுதான் சொல்லுவோம்.

அந்தக் குடும்பத்தில் யாரும் மெதுவாகப் பேசி நான் கண்டதில்லை. ஆனால் அத்தையின் வாயில் வந்ததும் எல்லோரும் பரம மரியாதைக்காரர்களாகிவிடுவார்கள். அந்தம்மா தட்டைத் தூக்கி எறிவார். அத்தை, "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சோறு உங்கறீங்களா?" என்பார். தட்டு சுவரில் பட்டு நொறுங்கும். "வேண்டாமுங்க, வயிறு நெறஞ்சு போச்சுங்க" என்பார் மொதலாளி. நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒவ்வொரு நாளும் கதை முடிகிறபோது மொதலாளி முகம் தக்காளியாகச் சிவக்க எழுந்து நின்று, வாசற்கதவைக் கையால் காட்டிக் கத்துவார். டிவிக்குள்ளே யாரோ கூட்டமாகச் சிரிப்பார்கள். ஒறம்பரைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடியும் சோபாவில் சாய்ந்துவிடுவார். அதற்கு அத்தை வைத்திருந்த வசனம் எப்போதும் ஒன்றுதான். "ஏனுங்க, அந்தக் கதவச் சாத்திப்போட்டு வந்து படுங்க. பனி அடிக்குது."

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன இடம் ஒத்துவராமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஏன் வந்தார் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. குழந்தைகளுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார், அவ்வளவுதான்.

இப்போது நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டிசைனர். குழந்தைகளுக்கான டீசர்ட்டுகளில் நெஞ்சில் வரும் பிரிண்ட்டை வரைந்து கொடுப்பது என் வேலை. வரைந்து கொடுப்பது என்று பழக்கத்தில் சொல்கிறேன். சமீபகாலமாக ஏஐ வரைகிறது, நான் அதோடு மல்லுக்கட்டுகிறேன். ஒருநாள் டீ நேரத்தில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தாள். பழைய கார்ட்டூன்களை மனிதர்களை வைத்து எடுத்தால் யார் யார் நடிக்கலாம் என்று ஏஐயிடம் படம் கேட்பது. அவள் கேட்டு வாங்கிய படங்களைப் பார்த்து அறையே சிரித்தது. எனக்கும் கை அரித்தது. எங்கள் மொதலாளி குடும்பத்தைக் கேட்டுப் பார்த்தால் என்ன?

அன்றைக்குப் பிடித்தது சனி. பருத்த உடம்பு, சிவந்த மூக்கு என்று எழுதினால் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர் வந்து நின்றார். தமிழர் என்று சேர்த்தேன். உடனே நெற்றியில் பட்டை, தோளில் துண்டு, பின்னால் ஒரு கோபுரம், இரண்டு வாழை மரம், கேட்காமலே ஒரு ஆடு. திருப்பூர் என்று சேர்த்தால் புகை கக்கும் சிம்னி. டியூப் லைட் வெளிச்சத்தில், பனியன் குவியலுக்கு நடுவே நிற்கிற ஒரு சாதாரண மனிதரை அதற்குக் கொடுக்கத் தெரியவில்லை. நான் விடவில்லை. சட்டையைக் கசக்கி, பாக்கெட்டில் இன்ச் டேப்பைத் தொங்கவிட்டு, ஒருவழியாக மொதலாளியைப் பிடித்துவிட்டேன். மொதலாளியம்மாவும் கொண்டையோடு வந்து சேர்ந்தார். ஒறம்பரைக்காரர்தான் வரவே மாட்டேன் என்றார். விருந்தாளி என்று எழுதினால் மாலை போட்ட மாப்பிள்ளை. அண்டி வாழ்பவர் என்று எழுதினால் தாடி வைத்த பிச்சைக்காரர். அனுப்ப வேண்டிய பிரிண்ட்டுகள் தேங்கி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என் மேசைக்கு வந்து முறைத்துவிட்டுப் போனார். வீட்டில் சோறு பொங்கும்போதும் மனசு சோபாவில் கிடக்கிற அந்த ஆளைத்தான் சுற்றியது. ஒரு கார்ட்டூன் ஆளுக்காக இவ்வளவு தவிக்கிறோமே என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

சரி, அசல் படத்தையே பார்த்து அடையாளம் எடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தொடர் முழுவதும் இணையத்தில் கிடைத்தது, கீழே வசனத்தின் எழுத்தோடு. மொதலாளி அங்கே இன்சூரன்ஸ் விற்கிறவர். சோபாக்காரர் அவருடைய தம்பி. பாகத்தின் முடிவில் மொதலாளி வழக்கம்போல எழுந்து நின்று, கதவைக் காட்டிக் கத்தினார். கீழே எழுத்து ஓடியது: உன்னை யார் இங்கே கூப்பிட்டது, எப்போது கிளம்பப் போகிறாய், என் வீட்டைவிட்டு வெளியே போ. அடுத்த பாகத்தைப் போட்டேன், அதிலும் அதே பேச்சு. அதற்கடுத்த பாகத்திலும் அதேதான். தொடரின் பெரிய நகைச்சுவையே அதுதானாம். வருடக்கணக்காக அந்த மனிதரைப் போ போ என்று விரட்டுகிறார்கள், அவர் போவதே இல்லை. லேப்டாப்பை மூடினேன்.

அத்தை எங்கள் வீட்டை விட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அத்தை படுத்துக்கொண்டிருந்த அறையில் மிஷின் போட வேண்டியிருந்தது. சாப்பிடும்போது அப்பா அதைச் சொன்னார், அத்தையிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். மறுநாள் காலையில் அத்தை, தாராபுரத்தில் ஒரு கம்பெனியில் பனியன் செக்கிங்குக்கு ஆள் கேட்கிறார்கள், தங்க இடமும் தருகிறார்கள் என்றார். "உனக்கு எது சௌகரியமோ அப்படிப் பண்ணு சாமி" என்றார் அப்பா. அம்மா போண்டா சுட்டுக் கட்டிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. போ என்று கத்திய வீட்டில் அந்தச் சோபாக்காரர் கடைசிவரை இருந்தார். எங்கள் வீட்டில் அத்தனை மரியாதையாகப் பேசினோம், அத்தை போய்விட்டார்.

இதை ஒரு படமாக்கினால்தான் எனக்கு ஆறும் போலிருந்தது. என் கல்யாண ஆல்பத்திலிருந்து அத்தையின் முகத்தை எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். சோபாவும் பழுப்புக் கோட்டும் பெட்டியும் கேட்டேன். முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தாராபுரத்துக்குப் பஸ் ஏறினேன். படம் காட்ட மட்டும் போகவில்லை. அத்தை வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளை இடித்து குடோன் கட்டப் போவதாக வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். என்னோடு வந்து இருங்கள் என்று நான் போனில் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம் கண்ணு" என்பார். பெண் கொடுத்த வீட்டில் போய் யாராவது உட்கார்ந்துகொள்வார்களா என்பது அவர் கணக்கு. என் கணவர் தாமே போனை வாங்கி அழைத்தும் அதே பதில்தான். இருந்த அந்த ஒரே அறையும் போய்விட்டால் அத்தை எங்கே போவார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அம்மா அவனோடு.

அறை ஒரு கட்டிலும் ஒரு அடுப்பு மேடையுமாக இருந்தது. அத்தை எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்தார். மொதலாளியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ச் டேப் வரைக்கும் வைத்துவிட்டாயே என்றார். மொதலாளியம்மாவின் கொண்டை இன்னும் உயரம் வேண்டும் என்றார். கடைசிப் படத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"என்னைய எதுக்குக் கண்ணு இதுல போட்டே? எனக்கு இது பொருந்தாது. அந்த ஒறம்பரைக்காரரு, அவங்க போன்னு சொன்னாலும் சிரிச்சிட்டே உக்காந்திருப்பாரு. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்."

டிவியில் அவர்கள் நிஜமாக என்ன பேசினார்கள் என்று அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? வெளிய போன்னு ஒருத்தர் கை காட்டறது புரியறதுக்கு இங்கிலீசு படிச்சிருக்கோணுமா?"

பிறகு எதற்காக அப்படி மாற்றிச் சொன்னீர்கள், எங்களைச் சிரிக்க வைக்கவா என்றேன். அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"நீங்க சிரிச்சீங்க, சரி. அண்ணன் அந்நேரத்துக்குத்தான் கம்பெனியில இருந்து வந்து உள்ரூமுல காப்பி குடிச்சிட்டு இருப்பாரு. அவரு காதுல உழுகட்டும்னுதான் கண்ணு சொன்னேன்."

நான் எத்தனையோ வருடமாக எங்களுக்கென்று நினைத்திருந்த வசனம். கத்தரி ஓடிக்கொண்டிருக்க, தலை குனிந்தபடி, அண்ணனைப் பார்க்காமல் அண்ணனிடம், இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஒருநாள் கேட்டுவிட்டு நிறுத்தவில்லை, தினமும் கேட்டிருக்கிறார்.

"அப்பா காதுல உழுந்துச்சுங்களா அத்தை?"

"உழுந்துச்சே. நல்லாச் சிரிப்பாரு. உன்ற வாய்க்கு நீ நாடகத்துக்குப் போயிருக்கோணும்பாரு."

இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் அண்ணனின் பாராட்டைக் கேட்ட சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாமேல் கோபம் வந்தது. அவர் இல்லாத இடத்தில் யாரிடம் கோபப்படுவது? உங்களுக்கு எப்போது சௌகரியமோ அப்போது வாருங்கள் என்று போனில் நயமாகச் சொல்லிக்கொண்டிருந்த என்மேலும் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பெரியவர்களிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. நான் உயர்த்தினேன்.

"சௌகரியமான்னு உங்களக் கேக்க வரலீங்க அத்தை. எனக்கு நீங்க வேணுமுங்க. ஊட்டுக்குப் போனா எனக்கு இருப்புக்கொள்ள மாட்டீங்குது. துணிமணிய எடுங்க, இப்பவே போலாம்."

"சத்தம் போடாத கண்ணு. பக்கத்து ஊட்டுல கேக்கும்."

"கேக்கட்டுங்க."

அழுகையும் சேர்ந்து வந்ததால் அந்தக் கடைசி வார்த்தை சரியாகக்கூட வரவில்லை. பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. உண்மையிலேயே கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியவர் முகமாக அது இல்லை. இத்தனை வயதில் தன்னை ஒருத்தி சண்டை போட்டுக் கூப்பிடுகிறாள் என்பதை அவர் இன்னும் நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். மிச்சமிருந்த பாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி என்னிடம் நீட்டினார். நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அத்தை அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து, முழங்கால் வலிக்க, கேஸ் சிலிண்டரைத் திருகி மூடிக்கொண்டிருந்தார்.