அம்புக்குறி போடாத மண்கட்டி

மண்ணைக் கண்ணாடியில் ஒட்டித் தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்ப்பதும் ஒரு வேலைதான் என்றால் அவள் புகுந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. எல்லாரையும்விடக் கொழுந்தன்தான் மோசம். “அண்ணன் மலையையே வாருறாரு. அண்ணி அதுல ஒரு சிட்டிகைய எடுத்துத் தேய்க்கிறாங்க. சாயந்தரம் ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே அளவு களைப்பு. இது எந்த ஊரு நியாயம்?” என்று சாப்பிடும்போது வம்புக்கு இழுப்பான். அவளும் விடமாட்டாள். “உங்க அண்ணன் வாரினது திரும்ப மண்ணுலதான் போய்ச் சேருது. நான் தேய்ச்சது அலமாரியில பத்திரமா இருக்கு” என்பாள்.

மண் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சில்லக்கா என்று பெயர். மண்ணைச் சில்லு போடுகிற அக்கா. வாசலில் காவலுக்கு இருப்பவர், அவளைவிட மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் இரண்டு பேர் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

பாறை நின்ற இடத்திலேயே மக்கி மண்ணாகும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. பார்த்தால் பாறைதான். கோடு, புள்ளி, மணி எல்லாம் அதே இடத்தில் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிரும். உள்ளே இருந்ததெல்லாம் களிமண்ணாகிவிட்டிருக்கும், உருவம் மட்டும் போகாது. அதைக் கலைக்காமல் தகரப் பெட்டியோடு வெட்டியெடுத்து அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் காயவைத்து, பிசின் ஊற்றி ஊறவைத்து, கல்லாக இறுகியதும் அறுத்து, கண்ணாடியில் ஒட்டித் தேய்ப்பாள். நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் மணிகள் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தடிமன். வெளிறிய சாம்பலுக்கு வந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். பேராசைப்பட்டு ஒரு இழுப்பு கூட இழுத்தால் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சட்டம் உண்டு. பெட்டியைப் பிரித்ததும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கட்டியின்மேல் அம்புக்குறி கீற வேண்டும். சரிந்த மலையின் மண்ணுக்கு மேல் கீழ் தெரியாவிட்டால் அது எந்தப் பக்கம் வழுக்கியது என்று சொல்லவே முடியாது. அம்புக்குறியை மறந்தவர்களை அவள் வறுத்தெடுத்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மறந்ததில்லை.

கணவன் மண்வாரி இயந்திரம் ஓட்டுபவன். சாலையை அகலமாக்க ஒரு சரிவின் அடியை வெட்டிக்கொண்டிருந்தான். அவனோடு வேலைக்குப் போன தம்பி கீழே நின்றான். சரிவு மொத்தமாக இறங்கியது. இயந்திரத்துக்குள் இருந்த அண்ணன் பிழைத்தான். தம்பியை மாலையில்தான் வெளியே எடுத்தார்கள்.

அண்ணன் ஆழமாக வெட்டிவிட்டான், அதனால்தான் விழுந்தது என்று நாக்கில் நரம்பில்லாமல் நாலு பேர் பேசினார்கள். மாமியார் அப்படி எதுவும் பேசவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது. மூத்த மகனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவன் தட்டில் பரிமாறுவதையும் விட்டுவிட்டார். ஒரே வீட்டில் அவன் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. சில்லக்கா இருவருக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கொழுந்தனை அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அப்படியிருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கை காலெல்லாம் யாருடையதோ போல வேலை செய்துகொண்டிருந்தன. தான் இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று ஒருநாள் பல் தேய்க்கும்போது யோசித்தாள், பிறகு வாயைக் கொப்பளித்தாள்.

விழுந்த சரிவின் மண் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. ஏன் விழுந்தது என்று விசாரிப்பவர்கள் அனுப்பியிருந்தார்கள். நுண்ணோக்கி பார்த்து அறிக்கை எழுதும் மேடம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“இத நீங்க செய்ய வேண்டாம். வேற ஆள விட்டுச் செய்யச் சொல்றேன்.”

“நானே செய்யறேன் மேடம். பரவாயில்ல.”

கணவனின் கைதான் தம்பியைக் கொன்றதா என்று அந்தக் கட்டிக்குள் இருக்கும். அது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தால் என்ன செய்வாள் என்பதுதான் தெரியவில்லை.

காயவைத்தாள், பிசின் ஊற்றினாள், அறுத்தாள், தேய்த்தாள். குவார்ட்ஸ் சாம்பலுக்கு வந்தபோது கையை எடுத்தாள். மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியின் ஓரத்தில் அம்புக்குறி இல்லை. மிச்சக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலும் இல்லை. பெட்டியை எப்போதோ கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

“மேடம், நான் குறி போடல” என்றாள்.

மேடம் திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியை நுண்ணோக்கியின் கீழே வைத்து, அதன் தட்டை மெல்லச் சுற்றினார்.

“வந்து பாருங்க.”

சின்னச் சின்னப் பொந்துகளின் உள்சுவரில் களிமண் பூச்சு ஆரஞ்சாக மின்னியது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் கொண்டுவந்து விடுகிற பூச்சு.

“எல்லாப் பொந்துலயும் ஒரு பக்கம் மட்டும் பூச்சு தடிமனா இருக்கு பாருங்க. டம்ளர்ல வண்டல் அடியிலதான தங்கும்? அப்ப அதுதான் கீழ் பக்கம். நீங்க போடாட்டி என்ன, அதுவே போட்டு வச்சிருக்கு.”

பிறகு குறுக்கே ஓடிய ஒரு விரிசலைக் காட்டினார். அதில் பூச்சு துண்டு துண்டாக உடைந்து ஒரே திசையில் இழுபட்டிருந்தது. உடைந்த துண்டுகளின்மேல் மறுபடியும் பூச்சு, வரிவரியாக.

“ஒருதடவ வழுக்கியிருக்கு. அதுக்கப்புறம் எத்தனையோ மழைக்காலம் போய்த்தான் இப்படிப் புதுசாப் பூசும். உங்க வீட்டுக்காரர் கை வைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இது வழுக்கின மண்ணு. யார் வெட்டியிருந்தாலும் விழுந்திருக்கும். நான் அப்படித்தான் எழுதப் போறேன்.”

அவளுக்குச் சந்தோஷம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு, சாணைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாமியார் அடுப்படியில் இருந்தார். கணவன் வழக்கம்போல மேசைக்கு ஓரத்தில், சுவரைப் பார்த்து. அவள் பையைக்கூட இறக்காமல் இருவருக்கும் கேட்கும்படி சொன்னாள். பொந்து, பூச்சு, விரிசல், பல மழைக்காலம். சொல்லிமுடித்ததும், “உங்க கை இல்லங்க. யார் வெட்டியிருந்தாலும் விழுந்திருக்குமாம்” என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் சோற்றுப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். மூத்த மகனுக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தார். கரண்டியில் சோறு எடுத்தார்.

“அந்த விரிசல் பளபளன்னு இருந்துச்சு,” என்றான் கணவன். எத்தனையோ நாள் கழித்து அவன் குரல் கேட்டது. “தீட்டி வச்ச மாதிரி. நான் வண்டியில இருந்தே பாத்தேன். பாறையில இப்படி இருக்காதேன்னு தோணுச்சு. அவனக் கூப்பிட்டு, அது என்னன்னு கிட்டப் போய்ப் பாருடான்னு சொன்னேன்.”

கரண்டி அப்படியே நின்றது. சில்லக்கா மாமியாரின் மணிக்கட்டையே பார்த்தாள். ஒரு பருக்கை மேசையில் விழுந்தது.

“யார் சொன்னா கேப்பான் அவன்?” என்றார் மாமியார். “நான் சொன்னாக் கேப்பானா? நீ சொன்னா மட்டும்தான் கேப்பான்.”

சோற்றை மகன் தட்டில் போட்டார். இன்னொரு கரண்டி எடுத்து அதையும் போட்டார்.

எதிரே கொழுந்தனின் நாற்காலி இருந்தது. சில்லக்கா அதைப் பார்த்தாள். அவளுக்கு வலித்தது, நெஞ்சில், நன்றாகவே வலித்தது. பையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.