ஒழுகாத வண்டி

அந்த ராணுவ லாரி எங்கள் வாசலுக்கு வந்த அன்று அதை மாடுகள்தான் இழுத்து வந்தன. உலகச் சண்டைக் காலத்து வண்டி. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுமே இழுக்கும், சேறோ மணலோ பார்க்காது என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்திருக்கிறார். அதைக் கேட்டு மாட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எஞ்சின் இறுகிக் கிடந்தது. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புச் சட்டம், அதுவும் துருப்பிடித்து.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். நான் பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளையூரணிக்கு அந்தப் பக்கம் என் அப்பா விட்டுப்போன உப்பளம் இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் என் பேச்சு அங்கே எடுபடாது. எல்லாம் அண்ணன் வைத்ததுதான் சட்டம். பாத்திகளுக்கு நடுவே போகும் மண்வரப்பு மழை விழுந்தால் களியாகிவிடும். மாட்டுவண்டி, லாரி எதுவும் உள்ளே போகாது. அதற்காகத்தான் இந்த வண்டியை வாங்கினோம். அண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஏளா, ஒரு நடை உப்பு ஒழுங்கா ஏத்திக் காட்டுங்க. இல்லன்னா நானே காயலான் கடைக்குத் தள்ளிவிட்டுருவேன். அளத்துல வெளையாட எடமில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அன்றே முடிவு பண்ணினேன், இந்த வண்டி ஓடியே தீர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வேலை தொடங்கும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் அடியில் படுத்துக்கொண்டு கழற்றுவார். “இன்னொரு தரம் சொல்லு” என்பார். வகுப்பில் ஒரு தரத்துக்கு மேல் சொல்லாதவள் நான், ஆனாலும் சொன்னேன். பிளக் ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஊறவைத்தோம். முன்னால் கைப்பிடியைச் செருகித் தினமும் அழுத்திப் பார்ப்போம். ஒரு சாயங்காலம் அது மெல்ல அசைந்தது. கைப்பிடி அப்போது என் கையில்தான் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்துவிட்டார்கள்.

எஞ்சின் முதல்முதலாகப் பிடித்தபோது கக்கிய புகையில் அவர்கள் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் கறுத்துப்போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். மனசாரக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சந்தோஷம்.

ஓட வைப்பதைவிட அழியாமல் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. எங்கள் ஊர்க் காற்றில் இரும்பை உப்பு தின்றுவிடும். குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டியின் அடிவயிற்றைக் கழுவுவோம். அடியில் அதிர்வு தாங்கும் வில்பட்டைகளுக்கெல்லாம் சுறா எண்ணெய் தடவினோம். தெருப் பூனைகள் முழுக்க எங்கள் வாசலில் குடியேறின.

தொட்டி கட்ட வந்தவர் ஓடாவி, தோணி கட்டுகிறவர், என் வீட்டுக்காரரின் சிநேகிதர். பலகையோடு பலகை சேர்த்து, இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். தோணிக்குச் செய்கிற அதே பக்குவம். முடித்ததும் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தார். மறுநாள் குனிந்து பார்த்தோம், அடியில் மண் காய்ந்தே இருந்தது. “ஒரு சொட்டு எறங்கல, பாத்தியளா!” என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். நாங்களும் அசந்துபோய் நின்றோம். மரத்தால் எதைக் கட்டினாலும் ஒழுகக் கூடாது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். ஏற்றப்போவது உப்பு, உப்பென்றால் நீர் வடியும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சோதனை நடையன்று அண்ணன் வேண்டுமென்றே, பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிய ஈர உப்பை ஏற்றச் சொன்னான். வண்டி வரப்பில் ராஜா மாதிரி போனது. ரோட்டோரம் அண்ணனும் உப்புத் தரகர் அண்ணாச்சியும் நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெருமையோடு பின்கதவைத் திறந்தார். தேங்கிக் கிடந்த உப்புத்தண்ணீர் மடைதிறந்த மாதிரி பாய்ந்து, கரைந்த உப்போடு அண்ணன் வேட்டியை நனைத்தது.

“இது லாரியாளா, கெணறா?” என்றான் அண்ணன். தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். வரும் வாரமே காயலான் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டதாக அண்ணன் அறிவித்தான்.

வீட்டுக்கு வந்து உப்புப் போகக் கழுவியதும், என் வீட்டுக்காரர் வடிகால் ஓட்டை போடத் துளைப்பானை எடுத்தார். ஓடாவி குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“நான் அடைச்ச பலகையில ஓட்டை போட்டா, இனி எந்தத் தோணிக்காரன் என்னைக் கூப்பிடுவான்?”

சிநேகிதரின் முகத்தைப் பார்த்து இவரும் துளைப்பானைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் கோடைமழை கொட்டியது. மறுநாள் காலையில் மறுபடி மேகம் கட்டியது. அடுத்த மழைக்குள், கரையாமல் மிஞ்சிய உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடாவிட்டால் அத்தனையும் கரைந்துவிடும். ஆனால் வரப்பு களியாகிக் குடிதண்ணீர் வண்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது. உள்ளே வேலை செய்த பெண்கள், தாகத்தோடு ஓலை சுமக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை.

காலி மைதானத்தில் ஓட்டிப் பழகியிருந்தேன், அவ்வளவுதான் என் அனுபவம். சாவியை எடுத்தேன்.

ரோட்டில் நின்ற வண்டியிலிருந்து குடிதண்ணீரை வாளி வாளியாக என் தொட்டிக்கு மாற்றி, தார்ப்பாய் போட்டு மூடினோம். முன் சக்கரத்தையும் சேர்ந்து இழுக்க வைக்கும் குட்டிக் கம்பைத் தள்ளிவிட்டு வரப்பில் இறங்கினேன். இரண்டு பக்கமும் பாத்தி, நடுவே களி. நடுவழியில் சக்கரம் புதைந்து உறுமியது. மிதியை விடாமல் அழுத்தினேன். முன் சக்கரம் மெல்லக் கடித்து இழுத்தது, வண்டி ஏறி வந்தது.

“ஏளா, டீச்சரு வண்டி ஓட்டிட்டு வாரா!” என்று ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் எழுந்தார்கள். தண்ணீரில் குங்கிலிய மணம் லேசாக ஏறியிருந்தது. “கோயில் வாசம்லா அடிக்கு” என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள். குடித்த கையோடு ஓலைக்கட்டைத் தூக்கினார்கள். மழை விழுவதற்குள் கடைசிக் குவியலும் மூடியாகிவிட்டது.

சரக்கு தப்பியதா என்று பார்க்க வந்திருந்த தரகர் அண்ணாச்சி அண்ணனிடம் கேட்டார், “இந்த வண்டியத்தான காயலான் கடைக்குப் போடப் போறதாச் சொன்னீரு? வெலை படிஞ்சா நானே எடுத்துக்கிடுதேன்.”

அண்ணன் அவரை முறைத்தான். “எந்தங்கச்சி வண்டிய வெலை பேச நீரு யாருவே?”

வண்டியை வாங்கியவர் என் வீட்டுக்காரர். இருந்தாலும் அண்ணன் சொன்னதை நான் திருத்தவில்லை.