ஆர் முதல்ல விடுறது

"அல்கோரிதம்" என்ற சொல்லைக் கேட்டு எங்கள் வீட்டில் முதலில் சிரித்தது அக்கா. "என்ன புள்ள அது, காய்ச்சல் குளிசைக்கு வச்ச பேர் மாதிரி இரிக்கு" என்றாள். ஒரு வேலையை எந்த ஒழுங்கில் செய்தால் ஒழுங்காக முடியும் என்று சொல்கிற வழி என்று விளக்கினேன். "அதுக்கு இவ்வளவு தடிச்ச புத்தகமா? ஆம்பிளைதான் எழுதியிருப்பான்" என்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஆம்பிளைதான்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் வந்தாறுமூலையில் கம்பஸில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் அகப்பட்ட ஆங்கிலப் புத்தகம் அது. பாடப்புத்தகம் இல்லை, எல்லாருக்குமாக எழுதியது. உடுப்பை எப்படி அடுக்குவது, தொலைந்த சாமானை எங்கிருந்து தேடத் தொடங்குவது, பத்து வேலை குவிந்தால் எதை முதலில் முடிப்பது என்று எல்லாம் வீட்டுக் கதை. எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்கு பஸ்ஸில் வரும்போதே வாசித்துவிடுவேன். பின்னேரம் அக்கா தையல் மெஷினில் குந்தியிருந்து காத்தான்குடிக் கடைக்காரருக்குச் சின்னப்பிள்ளைச் சட்டை தைப்பாள். நான் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு அவளுக்குத் தமிழில் சொல்லுவேன்.

கடைசியாக எடுத்த உடுப்பு மேலே கிடக்கிற குவியல்தான் நல்ல அடுக்கு என்று ஓர் அதிகாரம் நிறுவியிருந்தது. எனக்கு வந்த சந்தோசம்! என் கதிரையில் கிடந்த உடுப்புக் குவியலுக்காக எத்தனை வருசமாக ஏச்சு வாங்குகிறேன். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "அந்தப் புத்தகக்காரனை இஞ்ச வந்து வீட்டைக் கூட்டச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் விமர்சனம்.

இந்தச் சிரிப்புக்கெல்லாம் அடியில் எங்கள் வீட்டில் ஒரு காரியம் அசையாமல் கிடந்தது. அக்காவின் கலியாணம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். மாப்பிள்ளை கேட்டுப் போவதும் பெண் வீட்டார்தான். ஆனால் கையில் ஒரு வீடில்லாமல் யாரும் இன்னொருவர் வாசலை மிதிக்க மாட்டார்கள். அப்பா கடற்கரைப் பக்கம் அக்காவுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரை போடத்தான் பாக்கி. சுனாமி அதையும், நாங்கள் இருந்த வீட்டையும், அப்பாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. பிறகு றோட்டுக்கு இந்தப் பக்கம் நிவாரண வீடு தந்தார்கள். குடும்பத்துக்கு ஒன்று. எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைகள் இரண்டு. அந்தக் கணக்கு அவர்களுக்கு விளங்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு மேசன். வாகரைக்காரர், அங்கே சண்டை மூண்டபோது தாயோடும் தங்கச்சியோடும் இடம்பெயர்ந்து இங்கே முகாமில் இருந்தவர். சுவர் எழும்பும்போது அக்காவிடம், "தங்கச்சி, மெஷின் எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். அக்கா இடத்தைக் காட்டினாள். வரைபடத்தில் இருந்ததை விட்டு, அந்த யன்னலை மட்டும் ஒரு வரிக் கல் இறக்கி வைத்தார், குந்தியிருக்கிறவளுக்கு வெளிச்சம் விழ. மேற்பார்வைக்கு வந்தவர் அவரை ஏசு ஏசென்று ஏசினார். அன்றைக்கு விழுந்தவள்தான் அக்கா. தேத்தண்ணி கொண்டுபோகும் சாட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் போனாள் என்று கேட்டால் இன்றைக்கும் அடிக்க வருவாள்.

வாகரைச் சனத்தைத் திருப்பி அனுப்பியபோது அவரும் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். அக்கா கொய்யா மரத்தடிக்குப் போய் நின்று, "ம்", "ஓம்", "சாப்பிட்டாச்சு" என்று மூன்று சொல்லில் ஒரு மணித்தியாலம் கதைப்பாள். மறுகா? பிறகு ஒன்றுமில்லை. வருசம் இரண்டு ஓடிவிட்டது.

ஒரு பின்னேரம் நான் வாசித்த அதிகாரம், கணினி சில நேரம் ஏன் உறைந்துபோய் நிற்கிறது என்பதைப் பற்றியது. "இஞ்ச கேளு" என்றேன். "ரெண்டு பேர் சமைக்கிறாங்க எண்டு வை. ஒருத்தியிட்ட சட்டி, மற்றவளிட்ட அகப்பை. சட்டி வந்தால்தான் அகப்பையை விடுவன் எண்டு இவள், அகப்பை வந்தால்தான் சட்டியை விடுவன் எண்டு அவள். ஆரிலயும் பிழையில்ல, ஆனா ஒருநாளும் கறி வேகாது. ஆராவது ஒருத்தி கையில உள்ளதை முதல்ல விடவேணும்."

மெஷின் நின்றது. அக்கா நூலைப் பார்க்கிற மாதிரிக் குனிந்தாள். எனக்கு ஆளைத் தெரியாதா? நூல் அறவில்லை.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இது உன்ட கதைதானே?" என்றேன். அம்மா வீடில்லாமல் மாப்பிள்ளை கேட்டுப் போகமாட்டாள். அக்கா இந்த வீட்டை எடுக்கமாட்டாள், எடுத்தால் எனக்கு இல்லை. அவரோ தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் தன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். திறந்தாலும், ஆம்பிளை தானாக வந்து கேட்டால் வீட்டுக்கு ஆசைப்பட்டவன் என்று ஊர் சொல்லும். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் நிற்கிறார்கள். கறி வேகவில்லை.

"நான் விடுறன்" என்று கத்தினேன். "எனக்கு வீடு வேணாம். நான் படிச்சு உழைச்சுக் கட்டுவன். அம்மா, இந்த வீட்டை அக்காவுக்கு எழுதுங்க!"

"எழுதினால் நான் இந்த வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்" என்றாள் அக்கா. எழும்பியும்விட்டாள். "நான்தான் முதல்ல விட்டனான். வீடு உனக்கு எண்டு அம்மாட்ட எப்பவோ சொல்லிட்டன்."

வயல்வட்டை வரம்பில் எதிரும் புதிருமாக வருகிறவர்கள், இவர் வலப்பக்கம் ஒதுங்க அவரும் அதே பக்கம் ஒதுங்கி, மாறி மாறி வழிமறித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி ஆகிவிட்டது எங்கள் நிலைமை. அதற்கும் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. வாசிக்க மனம் வரவில்லை, மூடி எறிந்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவ்வளவு பாசமும்தான், வேறென்ன.

அம்மா குசினி வாசலில் ஈரக் கையோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"ரெண்டு பேரும் உங்களைத்தான் கணக்கில எடுத்தீங்க" என்றாள். "வெறுங்கையோட போறதில்ல எண்டு பிடிச்சிட்டு நிக்கிறது ஆர்? நான். அதை நான் விடுறன். நாளைக்கு வாகரைக்கு வெளிக்கிடுறன், நீயும் வா." என்னைத்தான் சொன்னாள். அக்கா ஓவென்று அழத் தொடங்கினாள். அம்மா அவளிடம், "அழுறதை விட்டுட்டுச் சட்டையைத் தைச்சு முடி, கடைக்காரன் வருவான்" என்றாள்.

வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் பையில். செங்கலடி தாண்டியதும் அம்மா என்ன கதைப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். முன்பென்றால் இந்த றோட்டில் ஆமிக்காரர் சோதனைக்கென்று இறக்கி இறக்கி ஏற்றுவார்கள். அன்றைக்கு பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. யோசித்து முடிக்கவிடாமல் ஓடுகிறதே என்று அம்மாவுக்கு அதுவும் ஒரு குறை.

அவர் தங்கச்சியின் வீடு யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் கூரைக்குப் படங்கு விரித்த கொட்டிலில் தாய். எங்களைக் கண்டதும் அவர் சீமெந்துக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். "வாங்கம்மா" என்று சொல்வதற்குள் ஆளுக்கு வியர்த்துவிட்டது. அம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பாடமாக்கியது முழுவதும் மறந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, நான் பொய் சொல்லமாட்டன்" என்றாள் அவர் தாயிடம். "மூத்தவளுக்கு உங்கட மகனைக் கேட்டு வந்திருக்கன். இருக்கிறது ஒரு வீடு. அது சின்னவளுக்கு எண்டு அவள் ஒற்றைக்கால்ல நிக்கிறாள். அவளுக்கெண்டு குடுக்க என்னட்ட வீடில்ல, வளவில்ல, ஒண்டுமில்ல. புள்ளதான் இரிக்கு."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

அந்தத் தாய்க்கு மூத்த மகன் ஒருவர் இருந்தார். யுத்தத்தில் போனவர், எங்கே என்று இன்றுவரை தெரியாது. அந்த அம்மா வெற்றிலைப் பையைத் தொடவில்லை.

"புள்ள இரிக்கு எண்டு சொல்றாய்" என்றாள். "உசிரோட, சுகமா, கண்ணுக்கு முன்னால இரிக்கு. என்ன?"

"ஓம் அக்கா."

"இதைக் கையில வச்சிக்கொண்டா தங்கச்சி ஒண்டுமில்ல எண்டு சொன்னாய்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு நாற்பத்தோராம் நாள் செய்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அந்த அம்மாவும் அழுதாள். பிறகு வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாதிச் சுவருக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"என்ன மனே பார்த்திட்டு நிக்கிறாய்? கையைக் கழுவிட்டு வந்து மாமிக்குத் தேத்தண்ணி வை."

அதுவரை அவர் எங்கள் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டவர். ஓடிப்போய்க் கை கழுவினார். தேத்தண்ணியில் சீனி அள்ளிக் கொட்டியிருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. மாமி கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தாள்.