பத்துக் குச்சிக் கட்டு

பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவதைக் கற்றுக்கொடுத்தே தீருவது என்ற வைராக்கியத்தில், வீட்டிலிருந்த புது விளக்குமாற்றை நானே பிரித்தேன். ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு டப்பா ரப்பர் பேண்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வீட்டில் அந்த வாரம் யாரும் பெருக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளி. ஒன்றாம் வகுப்புக்கு நான் தினக்கூலி டீச்சர். மறுநாள் மேலதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் எனக்கு அடுத்த மாதமும் வேலை. பயத்தில் சோறு இறங்கவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது!

வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். அதில் ஒருத்தியின் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் காய்கறிக் கடை. அவள் எண்ணத் தொடங்கினால் “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் போவாள். கடையில் ஒன்று என்று சொல்லமாட்டார்களாம். அவள் வாயிலிருந்து ‘ஒண்ணு’ வரவழைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இனிமேல் இவளால் தொல்லை இல்லை என்று நம்பி, பிள்ளைகள் பத்துப் பத்தாகக் கட்டி வைத்த கட்டுகளை நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரி வந்தார், பேச்சில் பாதி மலையாளம். முதல் கட்டைப் பிரித்து எண்ணினார். பதினொன்று. அடுத்ததைப் பிரித்தார். அதுவும் பதினொன்று. மூன்றாவதும் அப்படியே.

“எந்தா டீச்சரே, இது?”

நான் வாயைத் திறப்பதற்குள் காய்கறிக்கடைக்காரர் மகள் எழுந்து நின்றாள். “பத்து கட்டிட்டு ஒண்ணு கொசுறு சார். எல்லாக் கட்டுலயும் நாந்தான் போட்டேன்.”

“கொசுறோ? அது எதுக்கு?”

“போடலன்னா ஆளு அடுத்த கடைக்குப் போயிரும் சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. பிரிக்காத ஐந்து கட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இதுல எத்ர குச்சி உண்டு, டீச்சர்?”

கேள்வி எனக்கு! படித்துப் பட்டம் வாங்கியவள் நான். நிமிர்ந்து நின்று, “ஐம்பது சார்” என்றேன்.

“அம்பத்தஞ்சு!” என்று வகுப்பே கத்தியது.

காய்கறிக்கடைக்காரர் மகள் பக்கத்தில் வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “அஞ்சு கட்டுல அஞ்சு கொசுறு இருக்கும்லா டீச்சர். பதறாம எண்ணுங்க” என்றாள், ரொம்ப அன்பாக.

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. வேலை நீடித்துவிட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அதை உரக்கப் படித்தேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தியிருக்கலாம்.

‘மாணவர்கள் கணக்கில் மிகச் சிறப்பு. ஆசிரியை தேறி வருகிறார்.’