எனக்காக நேர்ந்துகொண்ட சனிக்கிழமைகள்

எட்டு வயதில் எனக்கு என்னைப் பற்றி ரொம்பவும் உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. திருமுக்கூடல் பெருமாளுக்கு என்னைத் தவிர வேறு கவலையே கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை வளர்த்தது அம்மா. எனக்கு ஜுரம் வந்தால் மூன்று சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு வருவதாக வேண்டிக்கொள்வாள். கன்றுக்குட்டி முட்டினால் ஐந்து. ஒருமுறை மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டு அது வர மறுத்தபோது ஏழு. அன்று சாயங்காலமே ஒரு தும்மலில் கொட்டை வெளியே வந்து விழுந்துவிட்டது. ஆனாலும் சாமியிடம் சொன்னது சொன்னதுதான் என்று அம்மா ஏழில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வீடு திரும்புகிற வேண்டுதல் அல்ல அது. உத்திரமேரூரிலிருந்து அங்கே பஸ் இருந்தது. ஆனால் பஸ்ஸில் போனால் வேண்டுதல் பலிக்காது என்று அம்மா எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். எங்கள் கூண்டு வண்டியில்தான் போக வேண்டும். சனிக்கிழமை விடியும்போது வண்டி கட்டினால் வெயில் உச்சிக்கு வரும்போது பாலாற்றங்கரை. சாமி கும்பிட்டு, புங்க மரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்து, மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்து, வண்டிக்குள்ளேயே வைக்கோல்மேல் ஜமக்காளம் விரித்துப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளித்து, மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மீன் குழம்பு வரைக்கும் விவரமாகப் பெருமாள் எப்போது சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

அம்மாவுக்குத் துணையாக இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பக்கத்து வீட்டு அத்தை. சொந்தமெல்லாம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். இன்னொருவர் தெருக்கோடியில் இருந்த தையல்கார அக்கா. என் உடம்பின்மேல் இவர்களுக்கு இருந்த அக்கறை சொந்தக்காரர்களுக்குக்கூடக் கிடையாது. வண்டி ஓட்ட ஒரு பெரியவர், இரண்டு காதும் மந்தம். நன்றாகக் காது கேட்கிறவர்கள் தெருவில் எத்தனையோ பேர் இருந்தும் அம்மா அவரையே கூப்பிட்டனுப்புவாள்.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு ஆரம்பிக்கும்.

"சோத்துல கல்லு கீதுன்னு எங்க வூட்டுக்காரரு தட்டத் தள்ளிவுட்டாரு யக்கா. பல்லு கீதில்ல, மென்னு துன்னுன்னு சொல்லிட்டேன்" என்பாள் அத்தை.

"சொல்லிட்டியா?" என்று அம்மா வாயைப் பிளப்பாள்.

"மனசுக்குள்ள."

மூன்று பேரும் சிரிக்கிற சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் சாயும். நடுவில் நான், இவ்வளவு பேருக்கும் வேலை வைத்த நோயாளி, முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆற்று மணலில் அவர்கள் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவார்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டுவாள்; தோற்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்பங்கரையில் மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்கிறவள், அங்கே சுடச்சுடச் சோற்றை எல்லாரோடும் உட்கார்ந்து தின்பாள். அம்மா தூங்கி நான் பார்த்ததே அந்த வண்டிக்குள்தான். வெயில் முகத்தில் அடிக்கிறவரைக்கும் தூங்குவாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் வேறு ஆள். தலையைச் சரி செய்துகொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, நைனாவிடம் ஒரு பெருமூச்சு விடுவாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"இந்தப் புள்ளையால எனக்கு எத்தினி அலைச்சல் பாருங்க. ஒடம்பே ஒடிஞ்சிபோச்சி."

புளியங்கொட்டைக்கான ஏழாவது சனிக்கிழமை முடிந்து வந்தபோதும் இதையே சொன்னாள். பாண்டி ஆடிய உடம்பு இதுதானா என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பினேன். பெற்றவளை இப்படி அலைய வைக்கிறோமே என்று மனசு கரைந்து, இனிமேல் எனக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த ஒரு மாதம் நான் இருந்த ஒழுங்கை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம்போல இருக்கிறது. மரம் ஏறவில்லை. மாட்டுக்கு எதிரே போகவில்லை. விளக்கெண்ணெயை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அம்மா தினமும் காலையில் என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள்.

"சுடல?"

"இல்லம்மா."

"தொண்ட கிண்ட வலிக்குதா, நல்லா பாத்து சொல்லு."

எச்சில் விழுங்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று பெருமையாகச் சொல்வேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை எட்டிப் பார்ப்பாள். "இன்னா யக்கா, புள்ள எப்டி கீறான்?"

"கல்லு மாதிரி கீறான்டி" என்பாள் அம்மா. ஏதோ துக்கச் செய்தி சொல்கிற குரல். அத்தையும் உச்சுக் கொட்டிவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வாள்.

இதோடு விட்டிருக்கலாம். நல்லவனானது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நைனாவிடம் அறிவித்தேன்.

"இனிமே எனக்கு ஒண்ணும் வராது நைனா. அம்மா அலைய வேணாம்."

நைனா என் முதுகில் தட்டினார். "அப்ப வண்டிய இன்னாத்துக்கு சும்மா நிறுத்தி வெச்சிக்கினு கீறது? நாளைக்குக் கூண்டப் பிரிச்சிட்டு எரு அடிக்க வுட்டுர்றேன்."

கூண்டைப் பிரித்து எரு ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் கோயிலுக்குப் போக மாட்டார்கள். அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. "செய்ங்க" என்று மட்டும் அம்மாவின் குரல் வந்தது. அடுத்து ஊற்றிய ரசத்தில் உப்பே இல்லை.

திங்கட்கிழமை காலையில் நைனா வண்டியைக் கொல்லைக்கு இழுத்துவந்து கயிறுகளை அவிழ்த்தார். அம்மா கிணற்றடியில் ஏற்கெனவே தேய்த்துவிட்ட பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை சும்மா இருப்பானா? மேல் முடிச்சு நைனாவுக்கு எட்டவில்லை என்று நான் சக்கரத்தில் கால் வைத்துக் கூண்டின்மேல் ஏறினேன். பாதி அவிழ்ந்திருந்த கூண்டு அப்படியே சரிந்தது. நான் வாயை நுகத்தடியில் மோதிக்கொண்டு கீழே விழுந்தேன்.

முன்பல்லில் பாதியைக் காணோம். வாயெல்லாம் ரத்தம்.

அம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். என்னை வாரி மடியில் போட்டுக்கொண்டு அவள் அலறிய அலறல் நிஜமானது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கண்ணீர் என் முகத்தில் விழுந்தது.

"பெருமாளே, எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. ஒம்போது சனிக்கிழம வரேன்."

சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை என் வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"முன்பல்லு யக்கா. ஒம்போது பத்துமா?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "பதினொண்ணு" என்றாள்.

நைனா கையில் கயிற்றோடு நின்றார். என் பல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். சரிந்த கூண்டைத் தூக்கி நிறுத்திக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டிக்குள் புது வைக்கோல் போட்டதும் அவர்தான். பெருமாள் என்றால் நைனாவுக்கும் பயம்தான்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பதினோரு சனிக்கிழமையும் எனக்கு ராஜ உபசாரம். முறுக்கைக் கடிக்க முடியவில்லை என்று தையல்கார அக்கா இடித்துக் கொடுத்தாள். மீனில் முள் எடுத்து ஊட்டினாள் அத்தை. ஆற்றில் அம்மா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு நடுத் தண்ணீர் வரைக்கும் போனாள். முதன்முதலாக என்னையும் பாண்டிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்தேன் என்றால் அது அன்றைக்கு விழுந்ததுதான். பாதிப் பல்லோடுதான் கல்யாண போட்டோவில்கூட இளித்துக்கொண்டு நிற்கிறேன். பெருமாளுக்கு நன்றி சொல்லாமல் இருந்ததில்லை.

பதினோராவது வாரம் முடிந்து ஒரு பத்து நாள் போயிருக்கும். நைனா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேதான் இருந்தாள்; இருக்கிற சத்தமே இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒடம்பு எப்டி கீதுடா?"

"நல்லா கீது நைனா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பல்லாம் நீ மரம் கிரம் ஏர்றதில்லியா?"

பெற்ற தகப்பன் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று, அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது.