எட்டாவது பெயர்ப்பலகை

கால்பந்து கிளப்பின் தச்சருக்கு ஆறு நாள் மரவேலை, ஞாயிற்றுக்கிழமை தொண்டை கிழியக் கத்துகிற வேலை. அணி தோற்றால் போதும், கேலரியில் எழுந்து நின்று, "கோச்சைத் தூக்குங்கடா!" என்பார். முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கினால் டிவி ஒளிபரப்புப் பணம் கோடிக்கணக்கில் போய்விடுமே என்று முதலாளிகளும் கணக்குப் போடுவார்கள். மறுநாளே தூக்கிவிடுவார்கள். கோச் அறைக் கதவில் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதியதை மாட்டுவதும் தச்சர்தான். நான்கு வருடத்தில் ஏழு பேர்.

எட்டாவது ஆள் வந்த அன்று, ஓட்டைகள் பெரிதாகி ஸ்க்ரூ நிற்கவே மாட்டேன் என்றது. தச்சர் ஒட்டுகிற டேப்பை எடுத்தார்.

"ஏண்ணே, ஸ்க்ரூ போட மாட்டீங்களா?" என்றார் பின்னால் வந்து நின்ற புது கோச்.

"எத்தனை தடவைதான் கழட்டி மாட்டுறது சார்? இந்த ஜனங்களுக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாது!" என்று பொரிந்து தள்ளினார் தச்சர். சொன்ன பிறகுதான், அந்த ஜனங்களில் தானும் உண்டா என்று குழம்பிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது நிமிடத்திலேயே அணி ஒரு கோல் வாங்கியது. பழக்கதோஷம், எழுந்துவிட்டார். வாயும் திறந்துவிட்டது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பின்வரிசைக்காரர் தோளைத் தட்டினார்.

"ஆரம்பிங்கண்ணே, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."